நடன வகுப்பும் நாலு பேர் கேட்கும் கேள்விகளும்

பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு இதில் மனசு ஒட்டுவது எப்படி என்பது ஒன்று. சாதி, மதம், காசு, உடம்பு என்று எல்லாம் குறுக்கே வரும் காலத்தில் இதை நேர்மையாகச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பது இன்னொன்று. பெற்றோரும் வகுப்பு வாசலில் நின்று இதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு வகுப்புகளை மனதில் வைத்து எழுதியது.

"சமூக உணர்வோட நடனம் சொல்லிக் கொடுக்கிறதுன்னா, வரதட்சணை, மரம் வளர்ப்பு பத்தி நாட்டிய நாடகம் போடணுமா?"

போடலாம், தப்பில்லை. ஆனால் அது மேடையில் பத்து நிமிடம் நடப்பது. வகுப்பு வாரம் முழுக்க நடக்கிறது. முன்வரிசையில் எப்போதும் யார் நிற்கிறார்கள், யாருடைய கையை ஆசிரியர் திருத்துகிறார், யாரைப் பார்க்காமலே தாண்டிப் போகிறார், சம்பளம் கட்ட இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்தப் பிள்ளையின் பெயர் எப்படி அழைக்கப்படுகிறது? சமூகம் அங்கேதான் இருக்கிறது. பெண் விடுதலை பற்றிப் பிரமாதமாக ஒரு நடன உருப்படி அமைத்துவிட்டு, ஒத்திகையில் "எருமை மாதிரி நிக்காதே" என்று கத்துகிற வகுப்புகளும் உண்டு.

முதல் வேலை ரொம்பச் சின்னது. வாரத்துக்கு ஒருமுறை வரிசையை மாற்றுங்கள். பின்வரிசை முன்னே வரட்டும். எந்தப் பிள்ளையின் முகத்தை இத்தனை நாள் சரியாகவே பார்க்கவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

"அடவே சரியா வரலை. இதுல 'உனக்கு என்ன தோணுது'ன்னு கேட்டுட்டு இருந்தா எப்போ கத்துக்கறது?"

கையும் காலும் சேர்ந்த அடிப்படை அசைவுதான் அடவு, அதற்கான நேரத்தில் கை வைக்க வேண்டாம். காலைத் தட்டும் தட்டடவு மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நிற்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பிள்ளைகளிடம் விடுங்கள். அதிலும் "ஏதாவது ஆடு" என்று சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். கணக்கோடு ஒரு சின்ன வேலை கொடுத்தால்தான் சொந்தமாக யோசிக்க இடம் கிடைக்கும்.

ஓர் உதாரணம். ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனம், அதாவது பாதிச் சுற்று, என்றால் நாலு அட்சரம். அட்சரத்துக்கு நாலு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் அது 16 மாத்திரை. "ததிங்கிணதொம்" ஐந்து மாத்திரை, மூன்று தரம் சொன்னால் 15. ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒரு மாத்திரையை எங்கே விடலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தொடங்கும் முன்பே விட்டு எடுக்கலாம். முதல் ததிங்கிணதொம்முக்குப் பிறகு விடலாம், இரண்டாவதற்குப் பிறகும் விடலாம். மூன்று விதமாக ஆடினாலும் அடுத்த தட்டு சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும், ஆனால் மூன்றின் குணமும் வேறு. ஒருத்தி முன்னாடியே மூச்சு வாங்கிவிட்டு விறுவிறுவென்று முடிப்பாள். இன்னொருத்தி கடைசி ததிங்கிணதொம்முக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பவர்களைத் தவிக்க விடுவாள். தான் எடுத்த முடிவு என்பதால், தீர்மானம் என்று நாம் சொல்லும் அந்த முத்தாய்ப்பை வீட்டிலும் ஆடிப் பார்ப்பாள். தாளமும் பிடிபட்டுவிடும்.

"சில பிள்ளைங்களுக்கு அரைமண்டி உட்காரவே வரலை. விடாம அழுத்தினா வந்துடும்ல?"

முட்டியை இரண்டு பக்கமும் மடித்துப் பாதி உட்காரும் அந்த நிலை எல்லாருக்கும் வராது. தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கும் கோணம் ஆளுக்கு ஆள் வேறு. கால் வெளிப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பதில் பெரும்பங்கு அந்தக் கோணத்துக்குத்தான், சோம்பலுக்கு அதில் இடமே இல்லை. இடுப்பில் திரும்பாததைப் பாதத்தை இழுத்துத் திருப்பினால் பாரம் முழங்காலில் ஏறும். முட்டி பாதவிரல்களின் திசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முட்டி உள்ளே சரிந்தால் பாதத்தின் திருப்பலைக் குறைத்து வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், முட்டி பிழைக்கும்.

சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் தட்டுகிற பிள்ளை வலி என்று சொன்னால் நம்புங்கள். "வலிச்சாத்தான் வித்தை வரும்" என்ற பேச்சு எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களை இருபது வயதுக்குள் வீட்டில் உட்கார வைத்திருக்கிறது.

"குண்டா இருக்கிற பிள்ளை, கறுப்பா இருக்கிற பிள்ளை... மேடைக்குன்னு சில விஷயம் சொல்லித்தானே ஆகணும்?"

வேண்டாம். உடையைப் பிள்ளையின் அளவுக்குத் தைக்கச் சொல்லுங்கள், அதோடு சரி. ஒப்பனைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அந்தந்தத் தோல் நிறத்துக்கான பூச்சைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முகம் வெள்ளையாகவும் கழுத்தும் கையும் வேறாகவும் நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சபை என்ன நினைக்கும் என்பதை விட, கண்ணாடியில் பார்த்த பிள்ளை என்ன நினைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

"தொடாம எப்படிங்க திருத்துறது? நாங்கல்லாம் அடி வாங்கித்தானே கத்துக்கிட்டோம்?"

கேட்டுவிட்டுத் தொடுங்கள். "தோளைக் கொஞ்சம் பிடிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்க இரண்டு வினாடி. வேண்டாம் என்றால் வேறு வழி எத்தனையோ இருக்கிறது. எதிரே நின்று செய்து காட்டலாம். "முழங்கையை உன் கையாலேயே தூக்கிப் பாரு" என்று சொல்லலாம். சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்தால் கூனல் தானாகவே தெரியும். தட்டுக்கழி கட்டையில் தாளம் தட்டுவதற்கு மட்டும்தான்.

வகுப்பு நேரத்தில் கதவு திறந்திருக்கட்டும். தொடுவது பற்றிய விதி என்ன என்பதைச் சேரும்போதே பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. அதைப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைத்தால் உங்கள் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

"தேவதாசி வரலாறெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு?"

அவர்கள் ஆடுவது அந்தப் பெண்கள் காப்பாற்றித் தந்த ஆட்டம் என்பதால். எட்டு வயசுக்கு இவ்வளவு போதும்: "இதை ரொம்ப காலம் கோயில்லயும் அரண்மனையிலயும் சில குடும்பத்துப் பெண்கள் ஆடினாங்க. அப்போ இதுக்குச் சதிர்னு பேர். அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க நட்டுவனார்கள்." நாம் இன்றைக்கு ஆடும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற உருப்படி வரிசையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் என்றும், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்த அண்ணன் தம்பிகளின் பெயர்களையும் சொல்லுங்கள். "ரெண்டாயிரம் வருஷமா மாறாத கலை" என்று மேடையில் அறிவிப்பது இதோடு நின்றுபோனால் நல்லது.

பதினாலு, பதினைந்து வயதில் முழுசாகவே பேசலாம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்த மரபிலிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்றார். அதே மரபிலிருந்து வந்த பெங்களூர் நாகரத்தினம்மா, கலையும் சொத்துரிமையும் போகுமே என்று எதிர்த்தார். 1931இல் சென்னை மியூசிக் அகாதெமியில் அதே மரபில் வந்த கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1947இல். அதற்குள் ஆட்டம் பெருமளவு வேறு சாதி வீடுகளுக்குப் போயிருந்தது. ஆடி வந்த குடும்பங்களில் பல, ஆட்டத்தையே விட்டுவிட்டன. தஞ்சாவூர் பாலசரஸ்வதி போல மேடையில் நிலைத்தவர்கள் கொஞ்சம்தான்.

"கெட்டுப் போயிருந்த கலையை நல்லவங்க மீட்டாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதுதான் வசதி. ஆனால் அந்த வரியைக் கேட்கும் பிள்ளைகளில் ஒருத்தி, தலைமுறையாக ஆடியும் இசைத்தும் வந்த இசை வேளாளர் வீட்டிலிருந்து வந்திருக்கலாம்.

"இதைச் சொன்னா பேரண்ட்ஸ் பிள்ளையை நிறுத்திடுவாங்களே?"

ஒன்றிரண்டு பேர் நிறுத்தலாம். பெரும்பாலானவர்கள், முதலில் தங்களிடம் சொல்லிவிட்டுப் பிறகு பிள்ளைகளிடம் சொன்னால் சரி என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரையும் உட்காரவைத்து இந்த வரலாற்றைப் பேசுங்கள். அம்மாக்களில் சிலர் தாங்களும் சின்ன வயதில் ஆட ஆசைப்பட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணு ஆடறதாவது" என்று தடுக்கப்பட்ட கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அதுவும் வரலாறுதான்.

"பதிமூணு வயசுப் பிள்ளைக்கு சிருங்காரப் பதம் எப்படிச் சொல்லிக் கொடுக்கறது? எனக்கே கூச்சமா இருக்கு."

இது புதிய சங்கடம் இல்லை. ருக்மிணி தேவி சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, ஒதுக்கிப் பக்தியை முன்னே வைத்தார். பாலசரஸ்வதி 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பேசியபோதும் சிருங்காரமே தலையாயது என்ற நிலையை விடவில்லை. இரண்டு பேரின் நிலையையும் பிள்ளையிடம் சொல்லலாம். என் கட்சி பாலசரஸ்வதி பக்கம்தான். ஆனாலும் புரியாத வயதில் புருவத்தை மட்டும் தூக்கச் சொல்லிக் கொடுப்பதால் சிருங்காரம் வந்துவிடாது, பாவனைதான் வரும். அந்த வயதுக்கு யசோதையும் கண்ணனும் வருகிற உருப்படி போதும். இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பதத்துக்கு வரலாம்.

வந்த பிறகு நாயகியைப் பற்றிப் பேசாமல் ஆடவைக்காதீர்கள். இரவெல்லாம் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு விடியற்காலம் வருகிற நாயகனைப் பார்க்கும் கண்டிதையை எடுத்துக்கொள்ளுங்கள். "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டால் ஒருத்தி கதவைச் சாத்துவேன் என்பாள். ஒருத்தி பேசவே மாட்டேன் என்பாள். ஒருத்தி சிரித்துக்கொண்டே குத்துவேன் என்பாள். அதே வரிக்கு மூன்று சஞ்சாரி, அதாவது மூன்று விதமான அபிநய விரிவு, கிடைத்துவிட்டது. பாட்டை மாற்ற வேண்டியதே இல்லை. அந்த நாயகி அழுதுகொண்டேதான் நிற்க வேண்டும் என்று பாட்டில் எங்கேயும் எழுதியில்லை.

"எங்க வீட்ல இந்தச் சாமியெல்லாம் கும்பிட மாட்டோம். பிள்ளை நடனம் கத்துக்கலாமா?"

தாராளமாக. ஜதிஸ்வரத்தில் சாகித்தியமே, அதாவது பாட்டின் சொற்களே, கிடையாது. தில்லானாவில் பெரும்பகுதி நிருத்தம், கதை சொல்லாத ஆட்டம். அபிநயத்துக்குச் சங்கப் பாடல்கள் இருக்கின்றன, குறள் இருக்கிறது, பாரதியும் பாரதிதாசனும் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் கருப்பொருளில் பரதம் ஆடுவதும் இங்கே புதிதில்லை. திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியில் வளர்ந்ததுதான்.

வகுப்பின் தொடக்கத்தில் செய்யும் தட்டிக் கும்பிடுதலைத் தரைக்கும் கூட ஆடுபவர்களுக்கும் சொல்கிற வணக்கமாகவே விளக்கலாம். பூஜையில் கலந்துகொள்ளாத பிள்ளையை "நீ அந்த ஓரமா நில்லு" என்று தனியாக நிறுத்தாதீர்கள். பூஜையை வகுப்புக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

"பையன் ஆட வந்தா மத்தவங்க கேலி பண்றாங்க. நடையே மாறிடும்னு அப்பா பயப்படறார்."

அந்த அப்பாவிடம் நட்டுவனார்கள் எல்லாரும் யார் என்று கேட்டுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பையனுக்கென்று வேகமான தாண்டவமும் பெண்ணுக்கென்று நளினமான லாஸ்யமும் பிரித்துக் கொடுக்காதீர்கள். இரண்டையும் இரண்டு பேரும் ஆடட்டும்.

கேலியில் ஒளிந்திருக்கும் இன்னொரு பயத்தையும் நேராகவே பேசலாம். மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் வழியில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டு கற்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். வகுப்புக்கு வரும் பிள்ளை யாராக வளர்கிறது என்பது நம் கையில் இல்லை. வகுப்பில் யாரும் யாரையும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

"சக்கர நாற்காலியில இருக்கிற பிள்ளையைச் சேர்த்துக்கச் சொல்றாங்க. என்ன சொல்லிக் கொடுக்கறதுன்னே தெரியலை."

அபிநய தர்ப்பணம் சொல்லும் ஒற்றைக் கை முத்திரைகளே 28. கண், கழுத்து, தலை அசைவுகள் தனி. சொற்கட்டு சொல்வது, தாளம் போடுவது, ஆட்டத்தை நடத்திச் செல்லும் நட்டுவாங்கம், அபிநயம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அடவின் காலை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து புதிதாக யோசியுங்கள். நாட்டடவில் கால் நீட்டும் இடத்தில் சக்கரம் ஒரு பக்கம் அரைத் திருப்பு திரும்பலாம், கை அப்படியே போகலாம். எது இயலும் என்பது அதற்குத்தான் தெரியும், கேளுங்கள். இடத்தைப் பொறுத்தவரை மற்றவர்களோடு வரிசையில்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி ஓட, நடுவில் பூவோடு உட்காரவைப்பது சேர்த்துக்கொள்வது ஆகாது.

காது கேளாத பிள்ளை என்றால் தட்டுக்கழி விழும் கை தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மரத்தளம் இருந்தால் அதிர்வு காலுக்கு வரும். இப்படி யாராவது சேர்ந்தால் உடனே எல்லாரும் ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு ஆடிய சுதா சந்திரனைச் சொல்வார்கள். பெரிய சாதனைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளை எதையும் சாதித்துக் காட்ட வேண்டியதில்லை. மற்றவர்களைப் போல அதுவும் சுமாராக ஆடிவிட்டுப் போகலாம்.

"அரங்கேற்றத்துக்கு லட்சக்கணக்குல ஆகுதே. வசதி இல்லாத பிள்ளை என்ன பண்ணும்?"

அரங்கேற்றம் கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. பத்திரிகை, மண்டபம், சாப்பாடு, பரிசுப்பை என்று செலவில் பாதிக்கு மேல் நடனத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. ஒரு பிள்ளை அலாரிப்பு முதல் தில்லானா வரையான முழு மார்க்கத்தையும் தனியாக ஆடத் தகுதி பெற்றதா என்பதைப் பார்ப்பதுதான் அதன் நோக்கம். அதற்கு வகுப்புக் கூடமே போதும். மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில், ஒரே பக்கவாத்தியக் குழுவை வைத்து, ஆளுக்கு இரண்டு உருப்படியும் வர்ணத்தைப் பகிர்ந்தும் ஆடலாம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் உடைகளையும் நகைகளையும் வாங்கி வகுப்பிலேயே வைத்தால் அடுத்தவர்களுக்கு உதவும்.

கைவைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: பாடகர், மிருதங்கக்காரர், வயலின்காரர் கூலி. "சின்னப் பிள்ளை, சேவையா நினைச்சு வாசிங்க" என்று அவர்களிடம் பேரம் பேசுவது எந்தச் சமூக உணர்விலும் சேராது. சம்பளச் சலுகை கொடுத்தால் அது உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஆண்டு மலரில் பெயர் போட்டு நன்றி வாங்காதீர்கள்.

"ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் பறையாட்டம், குறத்தி டான்ஸ் வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா?"

பறையாட்டம் வைக்கலாம், கலைஞரைக் கூட்டி வந்து. பறை அடிப்பது சாவு வீட்டுக்கும் ஊர் அறிவிப்புக்கும் ஒரு சாதியின் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. அதே கருவியைத் தலித் இயக்கங்கள் தங்கள் குரலாக மாற்றி எடுத்தன. இது தெரியாமல் "நாட்டுப்புறக் குத்து" என்று மூன்று நிமிடம் ஆடவைத்தால் பிள்ளைகளுக்கு எதுவும் போய்ச் சேராது. தோலைத் தீயில் காய்ச்சி நாதம் ஏற்றுவதையும், ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீளக் குச்சியுமாக அடிப்பதையும் கலைஞரே வந்து காட்டட்டும். சன்மானம் கொடுங்கள், அறிவிப்பில் பெயரைச் சொல்லுங்கள். பரதம் சொல்லிக் கொடுக்கும் நாம் காணொளி பார்த்து அதைப் பிள்ளைகளுக்கு இறக்குவது சரியில்லை.

குறவன் குறத்தி ஆட்டம் வேண்டாம். குறவர் சமூகத்தை இழிவாகக் காட்டுகிறது என்று 2023இல் தமிழ்நாடு அரசே தடை செய்துவிட்டது. குற்றாலக் குறவஞ்சி போன்ற நாட்டிய நாடகம் வேறு, அது ஆடலாம். ஆனால் அதிலும் முகத்துக்குக் கரி பூசி, வாயைக் கோணி, இடுப்பை அதிகமாக ஆட்டிச் சபையைச் சிரிக்கவைக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த நாடகத்தில் வரும் குறத்தி சிங்கி மலைவளம் பாடுகிறவள், ஊரெல்லாம் சுற்றியவள், கேலிப் பொருளே இல்லை.

"நந்தனார் ஆடினா சாதியை எதிர்த்து ஆடின மாதிரிதானே?"

இதற்கு நேரான பதில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சரித்திரத்தில் நந்தனாரைத் தடுக்கும் வேதியர் வருகிறார். பெரியபுராணத்தில் அந்தப் பாத்திரம் கிடையாது. இரண்டிலும் திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, தில்லையில் நந்தனார் தீயில் இறங்கிய பிறகுதான் உள்ளே போகிறார். பார்ப்பவர்கள் கண் கலங்குவார்கள். கொஞ்சம் விவரமான பிள்ளை கேட்கும்: "நந்தி விலகறதுக்குப் பதிலா அவரையே உள்ள விட்டிருக்கலாமே? அவர் எதுக்குத் தீயில இறங்கணும்?"

அந்தக் கேள்வியைப் பக்தி என்று சொல்லி மூடாதீர்கள். ஆடுகிற பிள்ளை வாசலில் நிற்கும் நந்தனாராக மட்டும் இல்லாமல், வாசலைக் காப்பவராகவும் ஒருமுறை நின்று பார்க்கட்டும். ஏகஹார்யத்தில் ஒரே ஆள் எல்லாப் பாத்திரமும் ஆகலாமே. முடிவை மாற்றி ஆடுவதா, பழையபடியே ஆடிவிட்டு முன்னுரையில் பேசுவதா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். வகுப்பில் தலித் பிள்ளை இருந்தால் நந்தனார் வேடத்தை அதற்கென்று ஒதுக்காதீர்கள். கேட்டு வாங்கினால் கொடுங்கள்.

"சொந்த வாழ்க்கையில நடந்த சோகத்தை ஆடணும்னு ஒரு பொண்ணு கேக்கறா. விடலாமா?"

அவளாகக் கேட்டால் விடலாம். "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத வலியைக் காட்டுங்க" என்று நாமாகப் பயிற்சி கொடுக்கக் கூடாது. சபைக்கு முன்னால் மனசைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. தொடுவது பற்றிச் சொன்ன அதே விதிதான் இங்கேயும்: கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட வேண்டும், பாதியில் நிறுத்தவும் இடம் வேண்டும்.

நடந்ததை நடந்தபடியே ஆடாமல், அதிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கதவு, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு டம்ளர். அபிநயத்துக்கு அது போதும், பார்ப்பவர்களுக்குக் கதை தெரிய வேண்டியதே இல்லை. வீட்டில் அவளுக்கு ஆபத்து என்று தோன்றினால் நடனத்தை அப்படியே நிறுத்திவிட்டு, மேலே சொன்ன உதவி எண்ணை எடுங்கள்.

"இப்படியெல்லாம் விட்டா நாளைக்கு குருவையே எதிர்த்துப் பேசுவாங்களே?"

பேசுவார்கள். "இந்த ஜதி எங்கே இருந்து வந்தது?", "ஏன் அவளுக்கு மட்டும் தில்லானா?" என்றெல்லாம் கேட்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் உங்கள் குருவிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் திணறினால், தில்லானா ஏன் அவளுக்கு மட்டும் என்று நீங்களும் ஒருதரம் யோசிக்க வேண்டியிருக்கும். பயத்தில் வருகிற மரியாதை அரங்கேற்றம் முடிந்த கையோடு போய்விடும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய பிள்ளைகள்தான் கல்லூரிக்குப் போன பிறகும் விடுமுறையில் வந்து, சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.